ஆதாமைப் பெற்றவள்

தூத்துக்குடியில் ஒரு பங்குச் சாமியார் தெருவில் வேகமாக நடந்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். சாகக் கிடக்கிற யாருக்கோ அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போகிறார். இல்லாவிட்டால் எதிரே ஏன்சாமி அண்ணாச்சி வருகிறார். எனக்குத் தெரிந்து இந்தக் கடற்கரையில் அவரிடம் மாட்டிக்கொண்டு முழுசாகத் திரும்பின குருவானவர் ஒருத்தர்கூட இல்லை. இவருக்குப் பயந்து மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் ஒருவர் உண்டு என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில், "கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் இளைப்பாறினார்" என்று சொல்லிக்கொடுத்த சாமியாரிடம், "ஏன் சாமி, அவருக்குமா அசதி வரும்?" என்று கேட்டு முட்டி போட்டவர் இவர். அன்றைக்கு ஒட்டின பெயர். பிறகு பெற்ற தாயே, "ஏலே ஏன்சாமி, சோறு திங்க வா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாளாம்.

நான் அவரோடு பழகியது சங்குக் கிட்டங்கியில், அதாவது சங்கு மூட்டை இறக்கி வைக்கிற குடோனில். இப்போது பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறேனே தவிர, அப்போது துறைமுகம் போகிற ரோட்டில் ஒரு சங்கு வியாபாரியிடம் எனக்குக் கிளார்க் வேலை. கடலில் முங்கி எடுத்த சங்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். உள்ளே கொஞ்சம் சதை மிச்சமிருந்தால் போதும், அந்த நாற்றத்தைச் சொல்லி மாளாது. கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அந்த நாற்றத்துக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு, வட்ட ஓட்டை போட்ட பலகையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சங்காக விட்டுப் பார்த்து ரகம் பிரிப்பது அண்ணாச்சியின் வேலை. விழுந்தால் சிறுசு, நின்றால் பெருசு. முப்பது வருஷமாக அதைத்தான் செய்தார். கை அதுபாட்டுக்கு ஓடும், வாய் அதுபாட்டுக்குக் கேள்வி கேட்கும்.

பெரும்பாலும் குசும்புக் கேள்விகள். ஒரே ஒரு கேள்வி மட்டும் குசும்பு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மனிதரை நீங்கள் வெறும் கோட்டி என்று நினைத்துவிடுவீர்கள்.

அண்ணாச்சிக்கும் அவர் மனைவி மிக்கேலம்மாள் மதினிக்கும் ஒரே ஒரு பிள்ளை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் அல்லவா, அவள் பிறந்த ஊரில், தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில். பெண் குழந்தை, செத்துப் பிறந்தது. உயிரில்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. ஞானஸ்நானம் இல்லாததைக் கல்லறைத் தோட்டத்தின் மந்திரித்த மண்ணில் வைக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சுவருக்கு வெளியே, கடலைப் பார்த்த மணலில் புதைத்தார்கள். நாலு வருஷத்தில் கடல் ஏறி அந்த மணலையும் கொண்டுபோய்விட்டது. சிலுவை கிடையாது, பெயர் கிடையாது, பங்குப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அதற்குப் பிறகு மதினிக்குப் பிள்ளை தங்கவே இல்லை.

முப்பது வருஷம் கழித்து, இரண்டு சிறுநீரகமும் போய் டயாலிசிஸ் ஆரம்பித்தபோது மதினி அண்ணாச்சியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "இங்கேரும், நான் போனா அங்கன பிள்ளயப் பாப்பனா?"

ஆமாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்களும் நானும் நினைப்போம். அண்ணாச்சியால் முடியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் அவருக்கு இடது காது சிவந்துவிடும். நானே பார்த்திருக்கிறேன். மதினி பார்க்காமல் இருப்பாளா? ஆகவே அவள் கண்ணை மூடுவதற்குள் நிஜமான பதில் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று கிளம்பினார் மனிதர்.

நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் ஜைனப். காயல்பட்டினத்துப் பெண், கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். முக்காட்டை இறுக்கிக்கொண்டு, கையில் அளவெடுக்கிற கருவியோடு கிட்டங்கிக்கு வந்து சங்குகளை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தாள். முதல் நாள் நாற்றம் தாங்காமல் இரண்டு தடவை வெளியே ஓடினாள். மூன்றாம் நாள் எங்களோடு உட்கார்ந்து வடை தின்றாள்.

"என்னத்துக்குத் தாயி இதையெல்லாம் அளக்குத?" என்று அண்ணாச்சி கேட்டார்.

அவள் சொன்னாள். ஒரே கடல், ஒரே இனச் சங்கு, ஆனாலும் ஒன்றுபோல ஒன்று இல்லை. எது தப்பிப் பிழைக்கிறதோ அதன் சாயல் அடுத்த தலைமுறைக்குப் போகும். இப்படியே கோடிக்கணக்கான வருஷம் மாறி மாறித்தான் எல்லா உயிரும் வந்தது. மனிதனும் அப்படி வந்தவன்தான்.

கிட்டங்கியில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "சரிதான். ஒரே மூட்டையில பத்து வெதம் கெடக்கும். நான் தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார். பரிணாமத்தை ஒத்துக்கொள்ள அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது. ஆனால் அன்று மத்தியானம் முழுக்க அவர் பலகையில் ஒரு சங்குகூட ஏறவில்லை. நாலு மணிக்குத் தலையை நிமிர்த்தினார்.

"தாயி, அப்ப ஆதாமுக்கு அம்மா உண்டு."

ஜைனப் கருவியைக் கீழே வைத்தாள்.

"மண்ணுல இருந்து திடுக்குனு எந்திரிக்கல, மாறி மாறித்தான் வந்தான்னா, மொத மனுசனயும் ஒருத்தி பெத்துருக்கணும்லா? மவன் மனுசன். அவ இன்னும் மனுசி ஆகல, கொஞ்சம் கொறச்சல். அவ செத்து இப்ப எங்கன இருக்கா?"

"எங்களுக்கும் ஆதம் நபிதான் முதல், அண்ணாச்சி" என்றாள் ஜைனப். "எங்க உம்மாகிட்ட நான் இதைப் பேசுனதே இல்ல. லேபுல அது, வீட்டுல இது. ரெண்டும் ஒரே தட்டுல சோறு திங்காது. ஆனா ஒரே வீட்டுலதான் இருக்கு. நானும் துரத்தல."

"ஒனக்கு அவசரம் இல்ல தாயி. எனக்கு அவசரம்" என்றார் அண்ணாச்சி.

அன்று சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எனக்கு விளக்கினார். ஆதாமின் அம்மாவுக்கு ஞானஸ்நானம் இல்லை, பெயர் இல்லை, கல்லறை இல்லை, வேதத்தில் அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. "எம் மவளுக்கும் இதேதான தம்பி? அவளுக்கு மோட்சத்துல எடம் உண்டுன்னு ஒரு சாமி வாயால சொல்லிட்டார்னா, எம் மவளுக்கும் உண்டு. பெத்தவள வாசல்ல நிறுத்திட்டு ஆதாம மட்டும் உள்ள கூப்புடுவாரா கடவுள்? அவன்தான் போவானா?"

நான் உடன்குடிப் பக்கத்து ஆள், எங்கள் வீட்டில் ஆதாமும் இல்லை, ஏவாளும் இல்லை. "கேட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவைத்தேன். சொன்னதற்கு ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதலில் மாட்டினவர் எங்கள் முதலாளி. பெரிய பெருமாள் பக்தர். "இதுல என்ன வே புதுசு? எங்க பெருமாள் மீனா வந்தாரு, ஆமையா வந்தாரு, பொறவு மிருகமா வந்து, கடைசியிலதான் மனுசனா வந்தாரு. இவனுவ இப்பத்தான் கண்டுபிடிச்சானுவளாக்கும்" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"நல்லது முதலாளி. கடல்ல அப்ப மத்த மீனும் கெடந்துருக்கும்லா, பெருமாள் இல்லாத சாதா மீனு? அதுகளுக்கு வைகுண்டம் உண்டா?"

முதலாளி கணக்கு நோட்டைத் திறந்துகொண்டு, "மூட்டையப் பாரும் வே" என்றார்.

அடுத்து, பெந்தெகொஸ்தே போதகர் ஒருவர். ஆறு நாள் என்றால் ஆறே நாள், இருபத்துநாலு மணி நேர நாள், குரங்குப் பேச்செல்லாம் சாத்தான் பேச்சு என்று சொல்லி, அண்ணாச்சியின் தலையில் கைவைத்து அரைமணி நேரம் ஜெபித்தார். அண்ணாச்சி பொறுமையாக ஜெபத்தை வாங்கிக்கொண்டு, "ஆமென். இப்ப அவ எங்கன இருக்கா?" என்று கேட்டாராம். பிறகு டீக்கடையில் ஒரு கறுப்புச் சட்டைத் தோழர். "செத்தா மண்ணு அண்ணாச்சி. ஆத்துமாவும் கெடையாது, மோட்சமும் கெடையாது" என்றார் அவர். அண்ணாச்சி அவர் கையைப் பிடித்து பஸ் ஸ்டாப் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். "வாரும். வந்து எம் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்து இதைச் சொல்லும்." தோழர் கையை உதறிக்கொண்டு போனவர்தான், இரண்டு மாதம் அந்த டீக்கடைப் பக்கமே தலைகாட்டவில்லை.

இதெல்லாம் நடக்கிறபோது மதினி வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குழாய்களோடு கிடந்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிறுத்துப்போய் வீடு திரும்பினாள்.

நவம்பர் வந்தது. கத்தோலிக்கர்களுக்கு அது இறந்தவர்களின் மாதம். செத்துப்போன சொந்தக்காரர் பெயரைக் கோயிலில் எழுதிக் கொடுத்தால் பூசைக்கு முன்னால் மைக்கில் வாசித்து, அவருடைய ஆத்துமாவுக்காகப் பூசை வைப்பார்கள். எழுதி வாங்குவதும் வாசிப்பதும் மெலிஞ்சியார், அதாவது கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று கவலைப்படுகிற மனிதர். எதையும் வாசித்து முடித்த பிறகுதான் யோசிப்பார். ஒரு நாள் பூசைக்கு முன்னால் மைக்கில் இப்படி வாசித்தார்.

"இன்றைய திருப்பலி, ஆதாமின் தாயாருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

பீடத்தில் சாமியார் தலையைத் திருப்பி மெலிஞ்சியாரைப் பார்த்தார். ஜனங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஊரில் எத்தனையோ ஆதாம், எத்தனையோ தாயார். பூசை கொடுத்தவர் வாசலில் நின்று ஏழைகளுக்கு ஏதாவது தின்னக் கொடுப்பார், தெரிந்தவர்கள் நின்று துக்கம் கேட்டுவிட்டுப் போவார்கள். அண்ணாச்சியும் முறைப்படி ஒரு கூடை பன்னோடு நின்றார். கூடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மடையன் நான்.

ஒரு அம்மா வந்தாள். "எத்தன நாளாக் கெடந்தாவ?"

"அது தெரியலயே."

"வயசு என்ன இருக்கும்?"

"லச்சத்துக்கு மேல இருக்கும்."

அந்த அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்போல. "நல்ல சாவுதான்" என்றாள். "பிள்ளைய எத்தன?"

"தெரிஞ்சு ஒருத்தன்."

"மவன் வச்சுப் பாத்தானா?"

"அவன் அவளப் பத்தி மூச்சே விடல தாயி. ஒரு வார்த்த எங்கயும் சொல்லல. அதான் எனக்கு ஆறல."

"இந்தக் காலத்துப் பிள்ளைய எல்லாம் அப்படித்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா பன்னை வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து நிமிஷத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது. கோயிலைக் கேலி பண்ணிவிட்டான், மன்னிப்பு கேட்க வேண்டும் என்று நாலு பேர் கூடிவிட்டார்கள். மெலிஞ்சியார் வேர்த்து விறுவிறுத்து, "எழுதிக் குடுத்தான், வாசிச்சேன்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சாமியார் எங்கள் இருவரையும் தான் குடியிருக்கிற கோயில் பங்களாவுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். புதிதாக வந்த இளம் சாமியார், நன்றாகப் படித்தவர். நான் திட்டுக்குத் தயாரானேன். அவர் நாற்காலியைக் காட்டினார்.

"அண்ணாச்சி, திருச்சபை பரிணாமத்தை எதிர்க்கல. உடம்பு எப்படி வேணும்னாலும் வந்திருக்கலாம், படிப்படியா வந்திருக்கலாம். ஆத்துமாவைக் கொடுத்தது கடவுள். ரெண்டுக்கும் சண்டையே இல்ல."

"சந்தோசம் சாமி. அப்ப ஆதாமுக்கு அம்மா உண்டு?"

சாமியார் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மூடினார். "அப்படிப் பார்த்தா... உண்டுன்னு வச்சுக்கலாம்."

"மவனுக்கு ஆத்துமா உண்டு. அவளுக்கு இல்ல."

"அப்படித்தான் சொல்லணும்."

"அவதான பால் குடுத்தா? தூக்கிக்கிட்டு அலைஞ்சா? அவ செத்தப்ப அவன் அழுதுருப்பாம்லா சாமி? அவளுக்கு ஒண்ணுமே இல்லன்னா அவன் யாருக்கு அழுதான்?"

சாமியார் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "இது உங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?" என்று கேட்டார். அண்ணாச்சி சொன்னார். சுவருக்கு வெளியே புதைத்ததை, கடல் கொண்டுபோனதை, மதினி கேட்டதை. மேஜையைப் பார்த்துக்கொண்டே மொத்தத்தையும் சொன்னார். சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பழைய வழக்கமெல்லாம் இப்ப இல்ல அண்ணாச்சி. அந்தப் பிள்ளையைக் கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்கலாம். மோட்சத்துல இருக்கும்னு நாம நம்பலாம்."

"நம்பலாம்னா... உண்டா சாமி?"

"நம்பலாம்."

வெளியே வந்ததும் அண்ணாச்சி சொன்னார்: "நல்ல மனுசன். ஆனா மழ வரலாம்னு சொல்லுத மாரி சொல்லுதாரு தம்பி. இத எப்படி நான் அவகிட்ட கொண்டுபோவேன்?" மன்னிப்புக் கேட்கவும் இல்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. சாமியார் அந்த நாலு பேரிடமும் என்ன சொன்னாரோ, கலைந்து போய்விட்டார்கள்.

கிறிஸ்துமஸ் தாண்டின பிறகு மதினிக்கு மூச்சுவாங்க ஆரம்பித்தது. இனிமேல் டயாலிசிஸை உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு மத்தியானம் நான் கஞ்சி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பதில் கொண்டுவராமல் அவள் முன்னால் எப்படி உட்காருவது என்று நினைத்தாரோ என்னவோ.

மதினி கண்ணைத் திறந்தாள். அவள் பழைய கேள்வியைக் கேட்கவில்லை.

"பேரு வைக்கலயே. அங்கன போயி என்னன்னு கூப்புடுவேன்?" என்றாள்.

கடைசியில், ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்ட அந்த மனிதர், மெதுவாக அவளிடம் கேட்டார். "ஏளா, நீ மனசுல எதும் பேரு நெனச்சிருந்தியா?"

"அமலி" என்றாள் மதினி. சட்டென்று வந்தது. "ஆறாம் மாசமே வச்சிட்டேன். அமலி."

"எங்கிட்ட சொல்லலயே ளா."

"நீரு கேக்கலயே."

அண்ணாச்சி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம். எத்தனை சாமியார், எத்தனை போதகர், எத்தனை டீக்கடை. நான் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மதினி அவர் விரலைத் தொட்டாள்.

"விடும். நீரு எதுக்குக் கெடந்து அலையுதீரு? உண்டா இல்லயான்னு எனக்கு யாரும் சொல்லாண்டாம். நான் போயி அமலின்னு கூப்புட்டுப் பாக்கேன். பெத்தவ கூப்புட்டா வராம எங்கன போவா?"

அண்ணாச்சி அப்போதுதான் உட்கார்ந்தார். ஸ்பூனால் கஞ்சி கொடுத்தார். நாலு வாய் குடித்தாள். மூன்றாம் நாள் விடிந்தபோது போய்விட்டாள்.

கல்லறையில் நட்ட சிலுவையில் இரண்டு பெயர் வெட்டியிருந்தார் அண்ணாச்சி. மேலே மிக்கேலம்மாள், கீழே அமலி. எலும்பு இல்லாத ஆளுக்கு எப்படிக் கல்லறையில் பெயர் போடலாம் என்று ஒருவர் முனகினார். அடுத்த நவம்பரில், கல்லறைத் திருநாள் அன்றைக்குப் பிரச்சினை வரும் என்று நினைத்து நானும் போய் நின்றேன். மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாக ஊரே கூடியிருந்தது. சாமியார் ஒவ்வொரு கல்லறையாகப் பெயரைச் சொல்லி ஜெபித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். எங்கள் இடத்துக்கு வந்து சிலுவையைப் பார்த்தார். "மிக்கேலம்மாள்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு பக்கத்து வரிசைக்கும் கேட்கிற குரலில், "அமலி" என்றார். தீர்த்தம் இரண்டு தடவை விழுந்தது.

தெளித்துவிட்டு அவர் நகரவில்லை. அண்ணாச்சி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கேள்வி வரும் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நானும் காத்திருந்தேன். அண்ணாச்சி கும்பிட்டு, "சரி சாமி" என்றார். அவ்வளவுதான். சாமியாருக்கே முகம் வாடிவிட்டது.

அண்ணாச்சி இப்போது கிட்டங்கிக்கு வருவதில்லை. நானும் அந்த வேலையை விட்டு வருஷம் சில ஆகிறது. தனியாகத்தான் இருக்கிறார், நன்றாக மெலிந்துவிட்டார். யாரைப் பார்த்தாலும் தலையை மட்டும் ஆட்டுகிறார். சாமியார்கள் அவர் தெரு வழியாக நிதானமாக நடந்து போகிறார்கள். ஜைனப் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு இனிப்போடு வந்தபோதுகூட வாழ்த்தினாரே ஒழிய ஒன்றும் கேட்கவில்லை. படியிறங்கும்போது அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதனால் கேட்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு, எழுதுகிறதை அப்படியே போட்டுவிட்டு அவருக்குப் போன் பண்ணி, "சாப்ட்டியளா அண்ணாச்சி?" என்று கேட்கிறேன். "ம்" என்கிறார். என்ன கறி, என்ன குழம்பு என்று சொல்ல வைக்காமல் நான் போனை வைப்பதில்லை.